புல ஆழக் கணக்கும் அதில் ஒளிந்திருக்கும் 0.03-உம்

அக்காள் மகளின் திருமண வரவேற்பில் குடும்பப் படம் ஒன்றை எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. மூன்று வரிசை. முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்த மணமக்களும் பெரியவர்களும் கேமராவிலிருந்து 4 மீட்டரில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் 4.6 மீட்டரில், பெஞ்சின் மேல் ஏறி நின்ற கடைசி வரிசை 5.2 மீட்டரில். படத்தில் தெரிந்த இரண்டடித் தரை ஓடுகளை எண்ணிப் பிறகு நான் கணக்கிட்ட தூரங்கள் இவை. மண்டபத்தில் வெளிச்சம் போதாததால் 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/2.8-இல் (இந்த எண் சிறிதானால் துளை பெரிது) திறந்து வைத்து, மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் செய்து எடுத்தேன். கேமராவின் திரையில் படம் நன்றாக இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியபோதும் யாரும் குறை சொல்லவில்லை. 12×18 அங்குல ஆல்பம் பக்கமாக அச்சாகி வந்தபோதுதான் பின்வரிசையில் நின்ற பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடிச் சட்டம் மெழுகில் செய்து வெயிலில் வைத்ததுபோல இளகித் தெரிந்தது.

ஒரே கோப்பு, ஒரே லென்ஸ், ஒரே துளை. கைபேசியில் தெளிவாக இருந்த முகம் ஆல்பத்தில் ஏன் மங்கியது என்ற கேள்விக்குப் பதில் தேடினால், டெப்த் ஆஃப் ஃபீல்டு எனப்படும் புல ஆழத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதற்குள் போக வேண்டியிருக்கிறது. துளையைச் சிறிதாக்கினால் புல ஆழம் கூடும், கிட்டப் போனால் குறையும் என்ற வாய்பாடு கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடுகிறது. ஆனால் "எவ்வளவு கூடும்?" என்று கேட்டால் கைபேசிச் செயலி சொல்லும் எண்ணைத்தான் காட்டுகிறோம். அந்தச் செயலி நம்மிடம் கேட்காமலே ஓர் எண்ணைத் தானாக எடுத்துக்கொள்கிறது என்பதும், என் படத்தின் குழப்பம் முழுவதும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது என்பதும் பலர் கவனிக்காத விஷயம்.

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகக் குவிக்கிறது. 4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 4 மீட்டரில் இருக்கும் ஒரு புள்ளி, சென்சாரின் மேல் புள்ளியாகவே விழும். 5.2 மீட்டரில் இருக்கும் புள்ளியிலிருந்து வரும் ஒளியோ, லென்ஸின் துளையை அடிப்பாகமாகக் கொண்ட ஒரு கூம்பாகக் குறுகி, சென்சாரை எட்டுவதற்குச் சற்று முன்பே கூடி, மறுபடி விரிந்து, சென்சாரின் மேல் ஒரு சிறு வட்டமாகப் படிகிறது. துளை பெரிதாக இருந்தால் கூம்பு பருத்திருக்கும், வட்டமும் பெரிதாகும். துளையைச் சுருக்கினால் கூம்பு ஒல்லியாகி வட்டமும் சிறுத்துவிடும். ஆக, தெளிவு என்பது ஓர் இடத்தில் தொடங்கி இன்னோர் இடத்தில் சட்டென்று அறுந்துபோகும் பட்டை அல்ல. ஃபோகஸ் செய்த தளத்திலிருந்து விலக விலக வட்டம் வளர்ந்துகொண்டே போகிறது. எவ்வளவு பெரிய வட்டத்தை நம் கண் இன்னும் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு வரம்பை வைத்து, அந்த வரம்புக்குள் அடங்கும் தூரங்களை மட்டும் புல ஆழம் என்று அழைக்கிறோம். சர்க்கிள் ஆஃப் கன்ஃபியூஷன் என்று பெயர் பெற்ற அந்த வரம்பை இங்கே மங்கல் வட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

36×24 மி.மீ. சென்சாருக்கு இந்த வரம்பை 0.03 மி.மீ. என்று வைப்பது வழக்கம். இது லென்ஸிலிருந்தோ சென்சாரிலிருந்தோ வந்த எண் அல்ல. அச்சிட்ட தாளிலிருந்து வந்தது. 8×10 அங்குலப் படம் ஒன்றை 25 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்க்கும் ஒருவருக்கு, தாளில் 0.2 மி.மீ. அளவுள்ள வட்டம் புள்ளியாகவே தெரியும் என்று கொண்டார்கள். 36 மி.மீ. அகலத்தை 10 அங்குலமாக்க 7 மடங்கு பெரிதாக்க வேண்டும்; 0.2-ஐ 7-ஆல் வகுத்தால் 0.03-க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கூர்மையான கண்ணுக்கு இந்த வரம்பு கொஞ்சம் தாராளம்தான். ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கைப் பிரித்தறியும் கண், 25 செ.மீ. தூரத்தில் 0.07 மி.மீ. அளவைக்கூடக் கண்டுகொள்ளும். பழைய லைக்கா லென்ஸ்களின் அளவுகோல்கள் ஒரு மில்லிமீட்டரின் 30-இல் ஒரு பங்கு, அதாவது 0.033 மி.மீ. என்ற வரம்பில் அமைந்தவை. எப்படிப் பார்த்தாலும் இது அளந்து கண்டுபிடித்த இயற்கை மாறிலி அல்ல. ஒரு காலத்து அச்சுத்தாளை மனத்தில் வைத்துச் செய்துகொண்ட உடன்பாடு.

கணக்குக்கு வருவோம். முதலில் ஹைப்பர்ஃபோகல் தூரம் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்; அடிவானமும் வரம்புக்குள் வரும்படி ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் கிட்டிய தூரம் அது. அதன் சூத்திரம் இது (குவியத் தூரம் என்பது 50 மி.மீ. என்று லென்ஸுக்குச் சொல்லும் எண், எஃப் எண் என்பது எஃப்/2.8-இல் உள்ள 2.8):

ஹைப்பர்ஃபோகல் தூரம் = (குவியத் தூரம் × குவியத் தூரம்) ÷ (எஃப் எண் × மங்கல் வட்டம்)

இதனுடன் இன்னொரு குவியத் தூரத்தைக் கூட்டினால்தான் கணக்கு முழுமையாகும். 10 மீட்டரில் 50 மி.மீ.யைக் கூட்டுவதால் எதுவும் மாறிவிடப் போவதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/8, 0.03 மி.மீ. என்று வைத்தால் 2500-ஐ 0.24-ஆல் வகுக்கிறோம், 10,417 மி.மீ., அதாவது 10.4 மீட்டர் கிடைக்கிறது. இதே லென்ஸுக்கு எஃப்/2.8-இல் அது 29.8 மீட்டர். குவியத் தூரம் தன்னாலேயே பெருக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குவியத் தூரம் இரட்டித்தால் ஹைப்பர்ஃபோகல் தூரம் நான்கு மடங்காகிறது. துளையில் அதே மாற்றத்தைப் பெற எஃப் எண்ணை நான்கில் ஒரு பங்காக்க வேண்டும்.

அடுத்த படியில், முன்னெல்லைக்கும் பின்னெல்லைக்கும் நூல்களில் தனித்தனியே நீண்ட சூத்திரங்கள் தருவார்கள். அவற்றைப் பார்த்துத்தான் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. தூரங்களைத் தலைகீழாக்கினால், அதாவது 1-ஐத் தூரத்தால் வகுத்து வரும் எண்களாக மாற்றினால், அந்தச் சூத்திரங்கள் ஒரு கூட்டலாகவும் ஒரு கழித்தலாகவும் சுருங்கிவிடுகின்றன. ஃபோகஸ் தூரத்தின் தலைகீழோடு ஹைப்பர்ஃபோகல் தூரத்தின் தலைகீழைக் கூட்டினால் முன்னெல்லையின் தலைகீழ் வரும்; கழித்தால் பின்னெல்லையின் தலைகீழ். என் படத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 4 மீட்டரின் தலைகீழ் 0.25, 29.8-இன் தலைகீழ் 0.0336. கூட்டினால் 0.2836, அதன் தலைகீழ் 3.53 மீட்டர். கழித்தால் 0.2164, அதன் தலைகீழ் 4.62 மீட்டர். வழக்கமான 0.03 கணக்கின்படியே நடுவரிசை மயிரிழையில் தப்பியிருக்கிறது. பெரியப்பா நின்ற 5.2 மீட்டர் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

தவறு துளையில் இருந்ததா, ஃபோகஸ் வைத்த இடத்தில் இருந்ததா? இதையும் அதே தலைகீழ்க் கணக்கு சொல்லும். 4 மீட்டரையும் 5.2 மீட்டரையும் ஒருசேர எல்லைக்குள் கொண்டுவர வேண்டுமானால், அவற்றின் தலைகீழ்களான 0.25-க்கும் 0.1923-க்கும் நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்ய வேண்டும். நடுப்புள்ளி 0.2212, தூரமாக மாற்றினால் 4.52 மீட்டர். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதி, அதாவது 0.0288, நமக்குத் தேவையான ஹைப்பர்ஃபோகல் தூரத்தின் தலைகீழ்; அது 34.7 மீட்டர். அதைத் தரும் எஃப் எண் 2.4. எஃப்/2.8 என்ற துளையே போதுமானதாக இருந்திருக்கிறது! மணப்பெண்ணின் கண்ணுக்குப் பதிலாக, நடுவரிசையில் நின்றவரின் முன்தோளில் ஃபோகஸ் செய்திருந்தால் மூன்று வரிசையும் 3.9 முதல் 5.3 மீட்டர் வரையுள்ள எல்லைக்குள் வந்திருக்கும். முன்னால் இருப்பவருக்குத்தான் மரியாதை என்ற நினைப்பில் ஃபோகஸையும் அங்கேயே வைத்தது என் பிழை.

ஆனால் அந்தத் தீர்வும் 8×10 அங்குலப் படத்துக்குத்தான். ஆல்பம் பக்கம் 12×18 அங்குலம், 36 மி.மீ. சென்சாரை 12.7 மடங்கு பெரிதாக்கினால் வரும் அளவு. மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்தை யாரும் தள்ளி நின்று பார்ப்பதில்லை. ஆகவே தாளில் 0.2 மி.மீ. என்ற வரம்பை விட்டுக்கொடுக்காமல் இருக்க, சென்சாரில் மங்கல் வட்டம் 0.016 மி.மீ. ஆக வேண்டும். இந்த எண்ணை வைத்தால் எஃப்/2.8-இன் ஹைப்பர்ஃபோகல் தூரம் 55.8 மீட்டராகத் தாவுகிறது. 4 மீட்டரில் வைத்த ஃபோகஸுக்குப் பின்னெல்லை 4.31 மீட்டர்தான், நடுவரிசையும் கைவிட்டுப் போகிறது. சரியான 4.52 மீட்டரில் ஃபோகஸ் செய்திருந்தாலும்கூட 4.18 முதல் 4.92 வரைதான் கிடைக்கும். முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்தே இளகியிருக்கும். மூன்று வரிசையும் ஆல்பத்தில் தெளிவாக நிற்க எஃப் எண் குறைந்தது 4.5 வேண்டும், எஃப்/5.6 என்று வைத்துக்கொள்வது நல்லது.

கைபேசியில் குறை தெரியாததற்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. பெரியப்பாவின் முகத்திலிருந்த ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் 0.052 மி.மீ. வட்டமாக விழுந்திருக்கிறது. நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் அந்தப் படம் 7 செ.மீ. அகலத்தில், இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவான பெருக்கத்தில் தெரிந்தது, வட்டம் 0.1 மி.மீ.தான். ஆல்பத்தில் அதே வட்டம் 0.66 மி.மீ. ஆனது. முகமோ அங்கே 27 மி.மீ. உயரம்தான். கண்ணாடிச் சட்டம் இளகாமல் என்ன செய்யும்?

தலைகீழ்க் கணக்கில் இன்னொரு அழகும் உண்டு. ஹைப்பர்ஃபோகல் தூரத்திலேயே ஃபோகஸ் செய்தால் கழித்தலின் விடை பூச்சியம். பூச்சியத்தின் தலைகீழ் முடிவிலி. எனவே அந்தத் தூரத்தின் பாதியில் தொடங்கி அடிவானம் வரை எல்லாம் எல்லைக்குள் வருகிறது. பாதித் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து முழுத் தூரம் வரை. மூன்றில் ஒரு பங்கில் செய்தால் நான்கில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. இப்படியே சங்கிலியாகப் போகிறது. 50 மி.மீ. எஃப்/8-க்கு 10.4 மீட்டர் என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 10.4-இல் ஃபோகஸ் செய்தால் 5.2 முதல் முடிவிலி, 5.2-இல் செய்தால் 3.5 முதல் 10.4, 3.5-இல் செய்தால் 2.6 முதல் 5.2. தெருவில் படமெடுப்பவர்கள் ஃபோகஸை முன்கூட்டியே ஓர் இடத்தில் நிறுத்திவைத்து, ஆள் அந்த எல்லைக்குள் வந்ததும் பொத்தானை அழுத்துவது இதை நம்பித்தான். முன்பெல்லாம் லென்ஸின் உடம்பிலேயே இந்தக் கணக்கைக் கோடுகளாகச் செதுக்கியிருந்தார்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் சிறிது திருப்பினாலே நெடுந்தூரம் தாவுவதாலும், ஜூம் லென்ஸில் ஒரே கோடு எல்லாக் குவியத் தூரத்துக்கும் பொருந்தாததாலும் அந்தக் கோடுகள் மறைந்தன.

தெளிவில் மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் இரண்டு பங்கு பின்னாலும் இருக்கும் என்ற பிரபலமான விதியையும் இந்தச் சங்கிலியில் வைத்துச் சோதிக்கலாம். ஹைப்பர்ஃபோகல் தூரத்தின் மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் செய்யும்போது மட்டும் அது அப்படியே பொருந்துகிறது. அதைவிடக் கிட்டத்தில் பங்கீடு சமமாகிக்கொண்டே வரும். 85 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து 2 மீட்டரில் ஒருவரின் முகத்தை எடுத்தால் முன்னால் 2.8 செ.மீ., பின்னால் 2.9 செ.மீ.; மொத்தமே 5.7 செ.மீ.தான். கண் தெளிந்து காது மங்குவது இதனால்தான். தொலைவில் ஃபோகஸ் செய்யும்போது பின்பங்கு முடிவிலிக்கே போய்விடுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரியாக இருக்கும் விதியை எல்லா இடத்துக்கும் சொல்லிக்கொடுப்பது நியாயமில்லை.

நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு ஹைப்பர்ஃபோகல் தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அறிவுரையோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நிலையில் தொலைவிலுள்ள மலைமுகடு சரியாக வரம்பின் விளிம்பில், 0.03 மி.மீ. வட்டத்தோடு நிற்கிறது. 36 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ.; எனவே மலையின் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவியிருக்கும். பெரிய அச்சில் மலைதான் படத்தின் உயிர் என்றால், அதையே கடைசி மதிப்பெண்ணில் தேறவைப்பது சரியாகாது. கனடாவைச் சேர்ந்த ஹரால்ட் மெர்க்லிங்கர் இந்தக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து அணுகினார்: ஃபோகஸை முடிவிலியில் வைத்துவிட்டால், எந்தத் தூரத்திலிருக்கும் பொருளிலும், லென்ஸின் துளை அளவுள்ள நுணுக்கம் வரை பதிவாகும். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/8-இன் துளை விட்டம் 6.25 மி.மீ. புல்லின் இதழ் கரையும், கூழாங்கல் கரையாது, மலையோ முழுக் கூர்மையோடு நிற்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, முன்னெல்லை 5.2 மீட்டரிலிருந்து 10.4 மீட்டருக்குத் தள்ளிப்போவது மட்டுமே.

சிறிய சென்சாருக்குப் புல ஆழம் அதிகம் என்பதும் பாதி உண்மைதான். ஒரே இடத்தில் நின்று, அதே 50 மி.மீ. லென்ஸை, அதே எஃப்/8-இல் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் கொண்ட கேமராவில் மாட்டினால் புல ஆழம் குறைகிறது. சிறிய சென்சாரை அதே தாளுக்குக் கூடுதலாகப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் வரம்பு 0.02 மி.மீ. ஆகி, ஹைப்பர்ஃபோகல் தூரம் 15.6 மீட்டராகிவிடும். அதே காட்சியளவுக்காக 33 மி.மீ. லென்ஸுக்கு மாறினால்தான் அது 6.8 மீட்டராகக் குறைந்து புல ஆழம் கூடுகிறது. கைபேசியிலும் இதே கணக்குதான். நீளத்திலும் அகலத்திலும் 36×24-இன் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள சென்சாரும், 6 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் சேர்ந்து, பெரிய கேமராவில் 24 மி.மீ. எஃப்/7.2 தரும் அதே 2.7 மீட்டர் ஹைப்பர்ஃபோகல் தூரத்தைத் தருகின்றன. போர்ட்ரெய்ட் முறையில் கைபேசி காட்டும் மங்கல் லென்ஸிலிருந்து வருவதில்லை. மென்பொருள் வரைந்து சேர்ப்பது.

இந்த அளவுக் கணக்கை அறியாமல் வரலாற்றைப் படித்தாலும் தடுமாற்றம் வரும். 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் கூர்மையான, ஒப்பனையற்ற படங்களை முன்னிறுத்தி ஒரு குழுவைத் தொடங்கி அதற்கு எஃப்/64 என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கேமராக்காரருக்கு அந்த எண் நம்ப முடியாத அளவு சிறிய துளையாகத் தோன்றும். அவர்கள் பயன்படுத்திய பெரிய கேமராக்களில் ஒரு ஃபிலிமே 8×10 அங்குலம் இருக்கும். பெரிதாக்காமல் தாளோடு ஒட்டிவைத்தே அச்செடுக்கலாம் என்பதால் 0.2 மி.மீ. வரம்பு அப்படியே ஃபிலிமுக்கும் பொருந்தும். 300 மி.மீ. லென்ஸுக்கு எஃப்/64-இல் ஹைப்பர்ஃபோகல் தூரம் 7 மீட்டர். 36×24 சென்சாரில் 40 மி.மீ. லென்ஸை ஏறத்தாழ எஃப்/8.5-இல் வைத்தால் கிடைக்கும் புல ஆழம்தான் அது.

குவியத் தூரம் கூடிய நீள லென்ஸில் புல ஆழம் குறைவு என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதே. 50 மி.மீ. லென்ஸால் 2 மீட்டரிலிருந்தும், 100 மி.மீ. லென்ஸால் 4 மீட்டரிலிருந்தும் ஒருவரை ஒரே அளவில் எடுத்தால், எஃப்/4-இல் இரண்டிலும் புல ஆழம் 39 செ.மீ.யை ஒட்டியே வரும். மாறுவது பின்புலம்தான். வெகுதொலைவில் இருக்கும் விளக்கின் மங்கல் வட்டம் 100 மி.மீ.யில் இரு மடங்கு பெரிதாகப் படிகிறது. நாம் புல ஆழக் குறைவு என்று நினைத்து மயங்குவது பெரும்பாலும் இந்தப் பின்புல மங்கலைத்தான்.

துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் எல்லாம் தெளிந்துவிடும் என்ற எண்ணத்துக்கு ஒளியே தடை போடுகிறது. சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், மிகச் சரியாகக் குவிந்த புள்ளியும் ஒரு சிறு வட்டாகவே விழும். ஜார்ஜ் பிடெல் ஏரி என்ற ஆங்கில வானியலாளரின் பெயரால் அதை ஏரி வட்டு என்கிறார்கள். நம் ஊர் ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சை ஒளிக்கு அதன் விட்டம் எஃப்/8-இல் 0.011 மி.மீ.; எஃப்/22-இல் 0.03 மி.மீ. நாம் அனுமதித்த வரம்பு முழுவதையும் எஃப்/22-இல் ஏரி வட்டே தின்றுவிடுகிறது. புல ஆழச் சூத்திரம் ஒளியை நேர்கோடாக மட்டும் பார்ப்பதால் இந்த இழப்பைச் சொல்லாது.

இது உண்மையில் கடிக்கும் இடம், சிறு பொருள்களை மிகக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ. பொருளும் அதன் பிம்பமும் ஒரே அளவாக இருக்கும் கிட்டத்தில், தூரத்தை வைத்துக் கணக்கிடுவதைவிட உருப்பெருக்கத்தை வைத்துக் கணக்கிடுவதே எளிது. அந்த நிலையில் புல ஆழம், எஃப் எண்ணையும் மங்கல் வட்டத்தையும் பெருக்கி வந்ததைப் போல நான்கு மடங்கு; குவியத் தூரத்துக்கு அங்கே வேலையே இல்லை. எஃப்/8-இல் 0.96 மி.மீ., ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எஃப்/16-க்குப் போனால் 1.92 மி.மீ. ஆகும் என்று சூத்திரம் சொல்லும். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் சென்சாரிலிருந்து விலகி நிற்பதால் எஃப்/16 என்பது எஃப்/32 போலவே நடந்துகொள்கிறது. ஏரி வட்டு 0.043 மி.மீ. ஆகி, ஃபோகஸ் செய்த தளமே வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதனால் 10 மி.மீ. பருமனுள்ள ஒரு பொன்வண்டை உச்சியிலிருந்து அடிவரை தெளிவாக எடுக்க விரும்புபவர் எஃப்/8-இலேயே நின்று, கேமராவை ஃபோகஸ் ரெயிலில் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் 0.7 மி.மீ. நகர்த்தி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியுமாறு 15 அல்லது 16 படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்குகிறார். பொன்வண்டு அதுவரை காலை அசைக்காமல் இருக்க வேண்டும்.